அமாவாசைக்கு நாம் ஏன் கைதட்டினோம்?

கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம் அது. ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது. அவன் எழுப்பிய கோவில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. "சோழன்" என்ற பெயருக்கு இந்தச் சீமையில் தனி மரியாதை உண்டு.

அந்தப் பெயரை 1994-ம் ஆண்டு ஒருவன் எடுத்துக்கொண்டான்!

அவன் பெயர் அமாவாசை. கோவில் வாசலில் சிதறு தேங்காய் பொறுக்கித் தின்றவன். அரசியலுக்கு வந்தான். பெயரை மாற்றினான். "நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ." ஆகிவிட்டான்!

பயப்பட வேண்டாம். இது சினிமாக் கதைதான். படத்தின் பெயர் "அமைதிப்படை". டைரக்டர் மணிவண்ணன். சத்யராஜ் 2 வேடங்களில் நடித்தார். அப்பன், நாகராஜ சோழன். மகன் தங்கவேலு, போலீஸ்காரன்.

அப்பன் செய்யாத பாவம் இல்லை. தன்னை நம்பிய தாயம்மாவுக்கு அல்வா கொடுத்து ஏமாற்றிக் கைவிட்டான். தன்னைத் தூக்கிவிட்ட மணியனையே காலடியில் போட்டான். நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள ஊரில் சாதிச் சண்டையை மூட்டினான்.

இப்படிப்பட்டவனைப் பார்த்தால் நமக்குக் கோபம் வர வேண்டாமா? வரவில்லை. சிரித்தோம். கைதட்டினோம். அவன் பேசிய பேச்சை வீட்டுக்கு வந்தும் பேசிப் பார்த்தோம். படம் பெரிய வெற்றி அடைந்தது.

ஏன்? நம்மை ஏமாற்றுகிறவனைப் பார்த்து நாமே ஏன் கைதட்டினோம்? அதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

நாற்காலி நுனியில்

படத்தில் ஒரு காட்சி. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணுகிறார்கள். மணியன் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் மணிவண்ணனேதான். பக்கத்தில் அமாவாசை. அவன் நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அத்தனை பணிவு!

ஓட்டு விவரம் வருகிறது. அமாவாசை முந்துகிறான். கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருகிறான். அடுத்த விவரம் வருகிறது. இன்னும் கொஞ்சம் நகர்கிறான். ஓட்டு ஏற ஏற, முதுகு சாய்கிறது. வெற்றி உறுதியானதும் அவன் முழு நாற்காலிக்கும் சொந்தக்காரன். பணிவு போன இடம் தெரியவில்லை!

பதவி ஒரு மனிதனை எப்படி மாற்றும் என்று மணிக்கணக்கில் மேடை போட்டுப் பேசலாம். இந்தக் காட்சி அதை ஒரு நாற்காலியில் சொல்லிவிட்டது.

சொன்னது கசப்பான உண்மை. ஆனால் கொட்டகையில் எழுந்தது சிரிப்பு. காரணம், நாற்காலியில் இருந்தவர் சத்யராஜ்.

மருந்து ஒன்று, கை வேறு

குழந்தைக்குக் கஷாயம் கொடுக்கிறோம். அம்மா கொடுத்தால் ஒரு மாதிரிக் குடிக்கும். டாக்டர் கொடுத்தால் வேறு மாதிரிக் குடிக்கும். தெரியாதவர் கொடுத்தால் துப்பிவிடும். கஷாயம் ஒன்றுதான். கொடுக்கும் கைதான் வேறு.

அரசியலைக் குத்திக் காட்டும் படமும் அப்படித்தான். "ஓட்டு வாங்கியவன் உன்னை மறந்துவிட்டான். நீயும் அதற்கு உடந்தை" என்று அது நம் முகத்துக்கு நேரே சொல்கிறது. அதை யார் முகம் சொல்கிறது என்பதைப் பொறுத்தே நாம் சிரிக்கிறோம், அழுகிறோம், ஆத்திரப்படுகிறோம்.

பழைய படங்களில் இந்தக் குழப்பம் இல்லை. எம்.ஜி.ஆர். வந்தால் நல்லவர். எம்.என்.நம்பியார் வந்தால் கெட்டவர். எம்.ஜி.ஆர். தமது படங்களில் குடிப்பதையும் புகைப்பதையும் தவிர்த்தார். நம்பியாரோ நிஜ வாழ்வில் ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்ட பக்தர். ஆனாலும் திரையில் அவரைக் கண்டால் தாய்மார்கள் திட்டினார்கள்.

இந்த வழக்கத்தை உடைத்தவர் எம்.ஆர்.ராதா. 1954-ம் ஆண்டு வந்த "ரத்தக்கண்ணீர்" படத்தில் அவர் வேடம் நல்லவன் வேடம் அல்ல. ஆனால் அவர் வாயைத் திறந்தால் கொட்டகை அதிர்ந்தது. கெட்டவன் வாயால் உண்மையைக் கேட்பதில் ஒரு ருசி இருக்கிறது என்பதைத் தமிழர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

சத்யராஜ் வந்த வழியும் இதை ஒட்டியதுதான். 1984-ல் "24 மணி நேரம்", "நூறாவது நாள்" ஆகிய படங்களில் வில்லனாக மிரட்டினார். அவை இரண்டும் மணிவண்ணன் படங்கள். பிறகு "கடலோரக் கவிதைகள்" போன்ற படங்களில் கதாநாயகனாக மக்கள் மனதில் இடம் பிடித்தார். 1994-ல் அவரிடம் 2 சொத்துகள் சேர்ந்திருந்தன. ஒன்று, வில்லனின் வாய். மற்றொன்று, கதாநாயகனின் செல்வாக்கு.

இரண்டும் சேர்ந்தால் கேட்பானேன்! அமாவாசை செய்த அக்கிரமத்தை நாம் பார்த்தோம். ஆனால் மனம் சத்யராஜை ரசித்துக்கொண்டிருந்தது.

படத்தில் நியாயத்தின் பக்கம் நிற்பவன் மகன் தங்கவேலு. அதுவும் சத்யராஜ்தான். ஆனால் தங்கவேலுவின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அமாவாசையை மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

ஒரு சொல்லின் கதை

"அல்வா கொடுப்பது" என்றால் ஏமாற்றுவது. தமிழ்நாட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பேச்சை ஊர் ஊராகப் பரப்பியதில் "அமைதிப்படை"க்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அல்வா யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாயம்மா என்ற ஏழைப் பெண்ணுக்கு. அவள் வாழ்வே அதில் அழிந்தது. அவள் கண்ணீரில் பிறந்த சொல், நமக்கு விளையாட்டுச் சொல் ஆகிவிட்டது.

நட்சத்திரத்தின் வேலையைப் பார்த்தீர்களா? அவர் சிரித்துக்கொண்டே செய்தால், நாமும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறோம்.

2013-ம் ஆண்டு இதன் இரண்டாம் பாகம் வந்தது. "நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ." என்பதே படத்தின் பெயர். அதே டைரக்டர், அதே நடிகர், அதே வேடம். ஆனால் பழைய வரவேற்பு கிடைக்கவில்லை. முதல் படத்தில் தேங்காய் பொறுக்கியவன் நம் கண் முன்னே படிப்படியாக ஏறினான். நாமும் கூடவே ஏறினோம். இரண்டாவது படத்தில் அவன் ஏற்கனவே மேலே இருந்தான். ஏற வழி இல்லை. மணிவண்ணன் டைரக்ட் செய்த கடைசிப் படம் அதுதான். அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார்.

தெரியாத முகம் சுடும்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

1984-ம் ஆண்டு கே.பாலசந்தர் "அச்சமில்லை அச்சமில்லை" என்ற படத்தை எடுத்தார். கொள்கை, நேர்மை என்று பேசிய உலகநாதன் அரசியலில் இறங்குகிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான். அவனை நம்பி மணந்த தேன்மொழி அதைப் பார்த்துத் துடிக்கிறாள். கடைசியில் ஊரார் கூடிய இடத்தில் தன் கையாலேயே அவனைக் கொன்றுவிடுகிறாள்.

உலகநாதனாக நடித்தவர் ராஜேஷ். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து நடிக்க வந்தவர். நல்ல நடிகர். ஆனால் கட்-அவுட் வைத்துப் பாலூற்றும் நட்சத்திரம் அல்ல. அதனால் என்ன ஆயிற்று? உலகநாதனை நாம் ரசிக்கவில்லை. அவனைப் பார்த்து வருந்தினோம். பக்கத்து வீட்டு மனிதன் கெட்டுப்போனது போல இருந்தது. தேன்மொழியாக நடித்த சரிதாவின் கண்ணீர் நம்மோடு வீட்டுக்கு வந்தது.

அமாவாசையும் உலகநாதனும் ஒரே சேற்றில் விழுந்தவர்கள். ஒருவனுக்குச் சிரிப்பு. மற்றவனுக்குக் கண்ணீர்!

2016-ல் வந்த "ஜோக்கர்" படத்தையும் சொல்ல வேண்டும். டைரக்டர் ராஜு முருகன். கதை நடப்பது தர்மபுரிப் பக்கத்தில். கழிப்பறை கட்டும் திட்டத்தில் நடந்த ஊழலால் ஓர் ஏழையின் மனைவி நினைவிழந்து படுத்த படுக்கையாகிறாள். அவனோ தன்னையே இந்தியாவின் ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் குரு சோமசுந்தரம். அப்போது பலருக்குத் தெரியாத முகம். தெரியாத முகம் என்பதால் அவன் நடிகனாகத் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் மனிதனாகவே தெரிந்தான். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

சிரிப்பு நடிகர் குத்தினால்

இன்னொரு வகை உண்டு. சிரிப்பு நடிகரை நடுவில் நிறுத்துவது.

இதில் முன்னோடி சோ. "முகமது பின் துக்ளக்" நாடகத்தை அவர் 1968-ல் மேடை ஏற்றினார். 1971-ல் அதைப் படமாக எடுத்துத் தாமே நடித்தார். கல்லறையிலிருந்து எழுந்து வந்த பழைய சுல்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் இந்தியாவின் பிரதம மந்திரி ஆகிவிடுகிறான்! மொழிச் சண்டை தீரப் பாரசீகத்தை ஆட்சி மொழி ஆக்குகிறான். கட்சி மாறி வந்தவர்களை எல்லாம் துணைப் பிரதமர் ஆக்குகிறான்.

சோ வந்தாலே சிரிக்கத் தயாராக இருந்தார்கள் மக்கள். சிரித்தபடியே தங்கள் தலைவர்களையும் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் துக்ளக்கைப் போல ஆக வேண்டும் என்று எந்த இளைஞனும் ஆசைப்படவில்லை. நட்சத்திரத்துக்கும் சிரிப்பு நடிகருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நட்சத்திரத்தைப் பார்த்தால் "நானும் அப்படி இருக்க மாட்டேனா?" என்று தோன்றும். சிரிப்பு நடிகரைப் பார்த்தால் "நானும் இப்படித்தானே இருக்கிறேன்" என்று தோன்றும்.

2021-ல் வந்த "மண்டேலா" இதற்கு நல்ல சாட்சி. மடோன் அஸ்வின் டைரக்ட் செய்தார். முடி வெட்டும் தொழிலாளியாக யோகி பாபு நடித்தார். ஊராட்சித் தேர்தலில் 2 கோஷ்டிகளுக்கும் சரி சமமான ஓட்டு. அது வரை மனிதனாகவே மதிக்கப்படாத அவன் கையில் ஒரே ஒரு ஓட்டு மிச்சம். 2 பக்கமும் அவனுக்கு வெற்றிலை பாக்கு வைக்காத குறைதான்! அவன் ஓட்டு ஏலத்துக்கு வருகிறது.

இந்தப் படம் முதலில் டெலிவிஷனில் காட்டப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். 2021 ஏப்ரல் 4. தமிழக சட்டசபைத் தேர்தல் ஏப்ரல் 6! ஓட்டுச் சாவடிக்குப் போக 2 நாள் இருக்கும்போது, ஓட்டின் விலை என்ன என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

நாயகன் வந்தால் நம்பிக்கை

1999 தீபாவளிக்கு ஷங்கரின் "முதல்வன்" வந்தது. முதல்-மந்திரியைப் பேட்டி காணும் இளைஞன், ஒரு நாள் முதல்-மந்திரி ஆகிறான். முதலில் ரஜினிகாந்தை நடிக்கக் கேட்டார்கள். அவர் நடிக்கவில்லை. அர்ஜுன் நடித்தார். கெட்ட முதல்-மந்திரியாக ரகுவரன் நடித்தார்.

உண்மையில் இதுவும் கசப்பான கதைதான். கடைசியில் நல்லவனும் தந்திரம் செய்துதான் எதிரியை ஒழிக்கிறான். தன்னையும் அரசியல்வாதி ஆக்கிவிட்டார்களே என்று அவனே வேதனைப்படுகிறான். ஆனால் அந்த வேதனை யார் நினைவிலும் நிற்கவில்லை. "இப்படி ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தால் போதும், நாடு திருந்திவிடும்" என்ற எண்ணமே நின்றது. கதாநாயகன் முகம் கசப்பை நம்பிக்கையாக மாற்றிவிட்டது.

2018 தீபாவளிக்கு விஜய் நடித்த "சர்கார்" வந்தது. ஓட்டுப் போட வெளிநாட்டிலிருந்து வருகிறான் ஒருவன். அவன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்! அப்படி நேர்ந்தால், "49-பி" என்ற விதியின்படி தனிச் சீட்டில் ஓட்டுப் போட வழி உண்டு. அதுவரை பலருக்கும் தெரியாத இந்த விதி, டீக்கடைப் பேச்சாகிவிட்டது. ஒரு நட்சத்திரத்தால் நடக்கும் நன்மை இது.

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கதாநாயகன் வருவான் என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கிறோம். கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவிலும் இதே கதை

1949-ம் ஆண்டு அமெரிக்காவில் "ஆல் தி கிங்ஸ் மென்" என்ற படம் வந்தது. ஏழைகளுக்காகப் பேசிப் பதவிக்கு வந்து, பிறகு சர்வாதிகாரி போல ஆகிவிட்ட ஒரு கவர்னரின் கதை. குதிரை வீரர் வேடங்களில் புகழ் பெற்ற ஜான் வெய்னை நடிக்கக் கேட்டார்கள். "தேசத்தைக் கேவலப்படுத்தும் கதை" என்று அவர் கோபத்துடன் மறுத்துவிட்டார். அந்த வேடம் பிராட்ரிக் கிராபோர்டு என்பவருக்குப் போயிற்று. பெரிய நட்சத்திரம் அல்ல.

நடந்தது என்ன? சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. சிறந்த நடிகர் பரிசு கிராபோர்டுக்குக் கிடைத்தது. அந்தப் போட்டியில் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர், வேறொரு படத்தில் நடித்த ஜான் வெய்ன்!

2006-ல் அதே கதையை மறுபடி எடுத்தார்கள். ஷான் பென், ஜூட் லா, கேட் வின்ஸ்லெட் என்று நட்சத்திரக் கூட்டமே நடித்தது. படம் படுதோல்வி அடைந்தது.

பெரம்பலூர் கண்ட நட்சத்திரம்

"அமைதிப்படை" வந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆட்சி மாறினால் ஊரின் எல்லையே மாறும் என்பதை இந்த மக்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் பாடுபடுகிறவர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் நடக்கிறவர்கள். இவர்களுக்கு அரசியல் வெறும் பொழுதுபோக்கு அல்ல.

இவர்கள் நட்சத்திரத்தைத் திரையில் மட்டும் பார்க்கவில்லை. ஓட்டுச் சீட்டிலும் பார்த்தார்கள்.

2009 பாராளுமன்றத் தேர்தலில் பெரம்பலூர் தொகுதியில் தி.மு.க. சார்பில் போட்டியிட்டவர் நடிகர் நெப்போலியன். "எஜமான்" படத்தில் ரஜினிகாந்தை எதிர்த்து நின்ற வல்லவராயன் அவர்தான். கெட்டவனுக்குக் கெட்டவன்! தேர்தலுக்கு முந்திய ஆண்டு வந்த "தசாவதாரம்" படத்தில் குலோத்துங்க சோழனாகவும் வந்தார். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட அதே சோழ வம்சம்!

மக்கள் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். மத்திய அரசில் இணை மந்திரி ஆனார். வல்லவராயன் செய்த கொடுமைக்காக யாரும் நெப்போலியனுக்கு ஓட்டை மறுக்கவில்லை.

சினிமா முகம்தான் வெற்றி தந்தது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. இதே நெப்போலியன் 2006 சட்டசபைத் தேர்தலில் சென்னை மயிலாப்பூரில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் சிரிப்பு நாடகங்களால் பெயர் பெற்ற எஸ்.வி.சேகர்! முகம் கூட்டத்தைச் சேர்க்கும். ஓட்டைச் சேர்க்கக் கட்சி, கூட்டணி, ஊர் நிலவரம் எல்லாம் வேண்டும்.

2025 செப்டம்பர் 13-ந் தேதி "சர்கார்" கதாநாயகன் விஜய் தமது கட்சியின் பிரசாரப் பயணத்தைத் திருச்சியில் தொடங்கினார். அன்று இரவு அரியலூரில் பேசினார். வழியெல்லாம் கூட்டம். நள்ளிரவு தாண்டிவிட்டது. பெரம்பலூர் நிகழ்ச்சி ரத்தாயிற்று. காத்திருந்த மக்களிடம் பிறகு வருத்தம் தெரிவித்தார். சினிமா குறித்த நேரத்தில் ஆரம்பிக்கும். அரசியல் அப்படி அல்ல என்பதை அன்று பெரம்பலூர் கண்டது.

மருதையாற்றுப் பாலம்

அரசியலைக் குத்திக் காட்டும் படங்கள் நமக்குக் கண் திறக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரு நஞ்சும் உள்ளே இறங்கும். "எல்லோரும் அமாவாசைதான். யார் வந்தால் என்ன?" என்ற எண்ணம்தான் அந்த நஞ்சு. அதைவிட அமாவாசைகளுக்கு வசதியானது வேறு இல்லை!

அந்த நஞ்சுக்கு மருந்து அரியலூரிலேயே இருக்கிறது.

1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றில் பெருவெள்ளம். பாலத்தருகே ரெயில் பாதையை வெள்ளம் அரித்துவிட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் ரெயில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் மாண்டார்கள். நாடே அழுதது.

அப்போது ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அவர் ரெயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும் "பொறுப்பு என்னுடையது" என்று பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டு மெகபூப்நகர் அருகே விபத்து நடந்தபோதும் ராஜினாமா கொடுத்தவர்தான். அப்போது பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். அதே சாஸ்திரி 1964-ல் இந்தியாவின் பிரதமர் ஆனார்.

குள்ளமான உருவம். மெலிந்த உடல். கதர் வேட்டி. சினிமாக் கம்பெனிக்குப் போயிருந்தால் கதாநாயகன் வேடம் கிடைத்திருக்காது! ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து காட்டினார். நாற்காலி நுனியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்த அமாவாசையையும், எழுந்து நின்ற இந்த மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் கேட்க 3 கேள்விகள்

அரசியல் படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள். குடும்பத்தோடு பாருங்கள். ரசியுங்கள், கைதட்டுங்கள். படம் முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து 3 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இந்த வேடத்தில் நமக்குத் தெரியாத ஒருவர் நடித்திருந்தால், இதே இடத்தில் சிரித்திருப்போமா?

இரண்டு: படத்தில் பாதிக்கப்பட்டவர் யார்? அவர் பெயர் நினைவிருக்கிறதா?

மூன்று: இந்த மனிதர் நிஜமாகவே நம் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால், என்ன கேட்போம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த வீட்டில், எந்த நட்சத்திரமும் யாரையும் மயக்க முடியாது.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஓட்டுக்கும் அதேதான். சினிமாவில் பாத்திரத்தைப் பார்த்துக் கைதட்டலாம். ஓட்டுச் சாவடியில் மனிதனைப் பார்த்துத்தான் கைநீட்டி மை வைத்துக்கொள்ள வேண்டும்!